டி.வி.யில் அடிதடி, வீட்டில் குழந்தை: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சண்டைக் காட்சிகளைப் பார்த்தால் பிள்ளை முரடனாகிவிடுமா?

அதனால் மட்டுமே ஆகிவிடாது. வீட்டில் அடி விழுகிறதா, பள்ளியில் யாராவது சீண்டுகிறார்களா, குழந்தையின் இயல்பு என்ன, போதுமான தூக்கம் இருக்கிறதா என்று பல காரணங்கள் சேர்ந்துதான் முரட்டுத்தனம் வளர்கிறது. டி.வி. அவற்றில் ஒன்று. நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், திரை வன்முறைக்கும் முரட்டு நடத்தைக்கும் உள்ள தொடர்பைப் பெரும்பாலும் 0.1 முதல் 0.3 வரை என்று மதிப்பிடுகிறார்கள். இந்த அளவுகோலில் 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு. எனவே இது சிறிய தொடர்புதான், ஆனால் திரும்பத் திரும்பத் தென்படுவது. சில ஆய்வாளர்கள் இந்த மதிப்பே மிகை என்று வாதிடுகிறார்கள். அந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

முரட்டுத்தனம் ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தால் மற்ற இரண்டு விளைவுகள் கண்ணில் படாமல் போகும். ஒன்று மரத்துப்போதல், அதாவது பிறர் வலியைப் பார்த்தும் மனம் பதறாமல் போவது. இன்னொன்று பயம். வீடுகளில் அதிகம் காணப்படுவது இந்தப் பயம்தான். பத்துக் குழந்தைகள் ஒரு கொலைக் காட்சியைப் பார்த்தால், அதைச் செய்து பார்ப்பவர்களைவிட அன்றிரவு கழிப்பறைக்குத் தனியாகப் போக மறுப்பவர்களே அதிகமாக இருப்பார்கள்.

பார்த்ததை அப்படியே செய்வார்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?

1961-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவும் அவருடைய குழுவினரும் 3 முதல் 6 வயது வரையிலான 72 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். காற்றடைத்த பெரிய பொம்மை ஒன்றை ஒரு பெரியவர் குத்துவதையும் சுத்தியலால் அடிப்பதையும் ஒரு பிரிவுக் குழந்தைகள் பார்த்தார்கள். பிறகு அதே பொம்மையுடன் விளையாட விட்டபோது, அந்த அடியையும் அவர் சொன்ன வார்த்தைகளையும் பலர் அச்சு அசலாகத் திருப்பிச் செய்தார்கள். 1963-இல் அதையே படமாகக் காட்டிப் பார்த்தார்கள். நேரில் பார்த்தவர்களுக்குச் சளைக்காமல் படம் பார்த்தவர்களும் அடித்தார்கள்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது 1965-இல் நடந்த மூன்றாவது சோதனையை. படத்தில் அடித்தவருக்குத் தண்டனை கிடைப்பதைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அடித்தார்கள். ஆனால் ‘அவர் செய்ததைச் செய்து காட்டினால் பரிசு’ என்று சொன்னதும், எல்லோரும் ஏறக்குறைய ஒரே அளவுக்குச் செய்து காட்டினார்கள். தண்டனைக் காட்சி, செய்வதைத்தான் தடுத்ததே தவிர, கற்றுக்கொள்வதைத் தடுக்கவில்லை. ‘என் பிள்ளை பார்க்கும், ஆனால் எதுவும் செய்யாது’ என்று நிம்மதி அடைபவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

பொம்மையை அடிப்பதும் மனிதரை அடிப்பதும் ஒன்றா என்ற கேள்வி அன்றே எழுந்தது. நியாயமான கேள்விதான். அதனால் இந்தச் சோதனையை, குழந்தைகள் எப்படிக் கற்கிறார்கள் என்பதற்கான சான்றாக மட்டும் எடுத்துக்கொள்வது சரி.

முரட்டுப் பிள்ளைகள்தானே இப்படிப்பட்டதைத் தேடிப் பார்க்கிறார்கள்? பழியை ஏன் டி.வி. மேல் போடுகிறீர்கள்?

இரண்டு பக்கமும் ஓரளவு உண்மை உண்டு. எது முன்னால் வருகிறது என்று அறிய நீண்ட காலம் பின்தொடர வேண்டும். ரோவல் ஹியூஸ்மனும் சக ஆய்வாளர்களும் சிகாகோ பகுதியில் 1970-களின் கடைசியில் 6 முதல் 10 வயதான 557 குழந்தைகளின் பார்வைப் பழக்கத்தைப் பதிவு செய்தார்கள். சுமார் 15 ஆண்டுகள் கழித்து அவர்களில் 329 பேரைத் தேடிப் பிடித்தார்கள். சிறு வயதில் வன்முறை நிகழ்ச்சிகளை அதிகம் பார்த்தவர்கள், ஆணானாலும் பெண்ணானாலும், வளர்ந்தபின் கூடுதல் முரட்டுத்தனம் காட்டினார்கள். சிறு வயது முரட்டுத்தனத்தையும் பெற்றோரின் வசதியையும் கணக்கில் எடுத்த பிறகும் தொடர்பு நிலைத்தது. 2003-இல் முடிவு வெளியானது.

டி.வி. இல்லாத ஊருக்கு டி.வி. வந்தால் என்ன ஆகும் என்றும் பார்த்திருக்கிறார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், மலை மறைத்ததால் 1973 வரை ஒளிபரப்பு எட்டாத ஊர் ஒன்று இருந்தது. டி.வி. வந்து இரண்டு ஆண்டுகளில் அங்கே பள்ளி மைதானத்தில் அடியும் வசவும் கூடின. ஆனால் 1995-இல் தொலைக்காட்சி வந்த அட்லாண்டிக் தீவான செயின்ட் ஹெலினாவில் மைதானத்தைப் படம் பிடித்துப் பார்த்தபோது அப்படி எதுவும் கூடவில்லை. எல்லோரும் எல்லோரையும் அறிந்த, பிள்ளைகள் மேல் எப்போதும் ஒரு பெரியவரின் கண் இருந்த ஊர் அது என்பதை ஆய்வாளர்கள் காரணமாகச் சொன்னார்கள். இந்த இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். பெட்டி மட்டும் எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை.

வெறும் கார்ட்டூன்தானே?

சுமார் 7 வயதுக்குள் கற்பனையையும் நிஜத்தையும் உறுதியாகப் பிரித்தறிவது கடினம். ‘இது பொம்மைப் படம்’ என்று வாயால் சொல்லும் 4 வயதுக் குழந்தை, அதில் வரும் உதையைச் செய்து பார்த்தால் தம்பிக்கு வலிக்கும் என்று யோசிப்பதில்லை. கார்ட்டூனில் தலையில் பாறை விழுந்தவன் அடுத்த நொடியே எழுந்து ஓடுகிறான், பின்னணியில் சிரிப்பொலி. வலி இல்லாத அடியும் வேடிக்கையான அடியும் சேரும் இடம் அது. பெரியவர்களுக்கு ரத்தம் தெரியும் காட்சிதான் கொடூரமாகப் படும். சிறு குழந்தைக்குச் சுலபமாகத் தொற்றுவதோ ரத்தமே இல்லாத இந்த வேடிக்கை அடி.

எல்லாக் கார்ட்டூனும் அப்படியல்ல. கதாபாத்திரங்கள் சண்டையைப் பேசித் தீர்க்கும் படங்களும் உண்டு.

கதாநாயகன் கெட்டவனைத்தானே அடிக்கிறான்? நல்லது வெல்லும் என்றுதானே கற்றுக்கொள்வார்கள்?

அதுதான் பெரிய சிக்கல். குழந்தை வில்லனைப்போல ஆக விரும்புவதில்லை, கதாநாயகனாக ஆகவே விரும்புகிறது. அழகானவன், நல்லவன், எல்லோரும் கைதட்டும் ஒருவன் அடித்தால், அந்த அடிக்கு அனுமதிச் சீட்டு கிடைத்துவிடுகிறது. மைதானத்தில் அடித்த பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். ‘அவன்தான் முதலில்…’ என்றுதான் தொடங்கும். தன்னைக் கதாநாயகனாகவே நினைத்துக்கொண்டிருக்கும்.

அமெரிக்காவில் 1994 முதல் 1997 வரை மூன்று ஒளிபரப்புப் பருவங்களை அலசிய தேசியத் தொலைக்காட்சி வன்முறை ஆய்வில், சுமார் 60 விழுக்காடு நிகழ்ச்சிகளில் வன்முறை இருந்தது. வன்முறைக் காட்சிகளில் கிட்டத்தட்ட நான்கில் மூன்று பங்கில், அடித்தவருக்கு அந்தக் காட்சிக்குள் தண்டனையோ வருத்தமோ இல்லை. வன்முறை தவறு என்பதையே கருவாகக் கொண்டவை சுமார் 4 விழுக்காடுதான்.

‘கடைசியில் தண்டனை கிடைக்கிறதே’ என்பீர்கள். அடி பத்தாவது நிமிடத்தில், தண்டனை ஒன்றரை மணி நேரம் கழித்து. சிறு குழந்தை இரண்டையும் முடிச்சுப் போடாது. 1973-இல் ஆண்ட்ரூ காலின்ஸ் நடத்திய சோதனையில், அடிக்கும் காட்சிக்கும் அதன் காரணம், விளைவு ஆகியவற்றுக்கும் நடுவே விளம்பரங்கள் வந்தபோது, சுமார் 8 வயதுக் குழந்தைகள் முரட்டுத்தனமான பதில்களைக் கூடுதலாகத் தேர்ந்தெடுத்தார்கள். குற்றம் இந்த வாரம், தீர்ப்பு ஆறு மாதம் கழித்து என்று போகும் நெடுந்தொடர்களை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள்.

என் குழந்தைக்கு 2 வயதுதான். பெரியவர்கள் பார்க்கும் சீரியல் அதற்குப் புரியாதே?

கதை புரியாது. கத்தல், அழுகை, திடுக்கிடவைக்கும் இசை, கோபமான முகம் எல்லாம் புரியும். தரையில் உட்கார்ந்து கட்டைகளை அடுக்கும் குழந்தையைக் கவனியுங்கள்: திரையில் யாராவது வீறிட்டதும் நிமிர்ந்து பார்க்கும், விட்ட இடத்துக்கு உடனே திரும்பாது. பின்னணியில் ஓடும் டி.வி. விளையாட்டைத் துண்டு துண்டாக்குகிறது, நாம் குழந்தையிடம் பேசும் பேச்சையும் குறைக்கிறது.

யாரும் பார்க்காதபோது அணைத்துவிடுவது முதல் வேலை. வீட்டில் பெரியவர்கள் தொடரை விட முடியாது என்றால் சண்டை பிடிக்க வேண்டாம். குழந்தை தூங்கும் நேரத்துக்கு மறுஒளிபரப்பைத் தள்ளிவைக்கலாம், செயலியில் பிறகு பார்க்கலாம், ஒருவர் மட்டும் பார்க்கிறார் என்றால் ஹெட்போன் போட்டுக்கொள்ளலாம்.

செய்திகளைப் பார்ப்பது நல்ல பழக்கம்தானே?

8 வயதுக்குக் கீழே வேண்டாம். ஒரே வெடிப்புக் காட்சியைச் செய்திச் சேனல் ஒரு மணி நேரத்தில் இருபது முறை காட்டினால், சிறு குழந்தை இருபது வெடிப்புகள் நடந்ததாக எடுத்துக்கொள்ளக்கூடும். 1995-இல் ஓக்லஹோமா நகரக் குண்டுவெடிப்புக்குப் பிறகு அங்குள்ள பள்ளி மாணவர்களை ஆராய்ந்தபோது, அந்தச் செய்திகளை அதிகம் பார்த்தவர்களிடம் அதிர்ச்சியின் அறிகுறிகளும் கூடுதலாக இருந்தன.

சற்றுப் பெரிய பிள்ளைகளுக்குச் செய்தியை வாசித்துச் சொல்லலாம். ‘எங்கே நடந்தது, நம்மிடமிருந்து எவ்வளவு தூரம், இப்போது யார் உதவுகிறார்கள்’ என்ற மூன்றும் இருந்தால் பெரும்பாலும் போதும். ஜார்ஜ் கெர்ப்னர் என்ற ஆய்வாளர், டி.வி.யில் அதிகம் மூழ்கியிருப்பவர்கள் உலகத்தை அது இருப்பதைவிட ஆபத்தானதாக எண்ணுகிறார்கள் என்றார். பெரியவர்களைப் பற்றியும்தான் சொன்னார்.

இரவில் அலறிக்கொண்டு எழுகிறது. என்ன செய்வது?

வயதைப் பொறுத்து வழி மாறும். 7 வயதுக்குக் கீழே உள்ள குழந்தையிடம் ‘அது பொய், மேக்கப், கம்ப்யூட்டர்’ என்று விளக்கினால் பலன் குறைவு. அதற்குத் தேவை உடல் வழியான ஆறுதல்: அணைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் கொடுங்கள், சிறு விளக்கு போடுங்கள், பிடித்த பொம்மையைக் கையில் கொடுங்கள், தூங்கும்வரை பக்கத்தில் இருங்கள். 8 வயதுக்கு மேல் விளக்கம் எடுபடும். அந்த உருவத்தை எப்படி வேடமிட்டு உருவாக்குகிறார்கள் என்று காட்டலாம், அது நம் வீட்டில் ஏன் நடக்காது என்று பேசலாம்.

வயதுக்கேற்ப பயத்தின் பொருளும் மாறும். 3, 4 வயதில் உருவம்தான் பயம்: கோரப்பல், முகம் திடீரென்று மாறுவது. நல்லவனாகவே இருந்தாலும் பூதமாக மாறினால் பயம்தான். 9, 10 வயதில் நடக்கக்கூடியதுதான் பயம்: கடத்தல், திருட்டு, தீ. ‘பேய்ப் படம் பார்த்துச் சிரித்த பிள்ளை திருடன் செய்திக்கு ஏன் நடுங்குகிறது?’ என்று குழம்ப வேண்டாம். வளர்ச்சி அப்படித்தான்.

‘இதுக்குப் போய் பயமா?’ என்ற கேலி பயத்தைப் போக்காது. அடுத்த முறை உங்களிடம் சொல்லாமல் இருக்கத்தான் கற்றுக்கொடுக்கும். ஒன்றையும் சேர்த்துக் கவனியுங்கள்: அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 3 முதல் 5 வயதுக் குழந்தைகளை ஆராய்ந்தபோது, பகலில் பார்த்த வன்முறைக் காட்சிகளும் தூக்கக் கோளாறுடன் தொடர்பு கொண்டிருந்தன. இரவில் மட்டும் அணைத்தால் போதாது.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பார்க்கலாம்?

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது: 2 வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை 1 மணி நேரத்துக்கு மிகாமல், குறைந்தால் இன்னும் நல்லது. அதற்கு மேற்பட்ட வயதுக்கு ஒரே எண்ணைப் பிடித்துத் தொங்குவதைவிட, தூக்கம், ஓட்டம், படிப்பு, நேரில் பேசுவது ஆகியவை முடிந்து மிஞ்சும் நேரம் எவ்வளவு என்று கணக்கிடுவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

நேரத்தைக் குறைக்க முடியவில்லை. வேறு வழி?

உண்டு, சோதித்துப் பார்த்த வழி. 2013-இல் வெளியான சியாட்டில் ஆய்வில், 3 முதல் 5 வயதுக் குழந்தைகள் உள்ள 565 குடும்பங்களில் ஒரு பகுதியினரிடம், நேரத்தைக் குறைக்கச் சொல்லாமல், அடிதடி நிகழ்ச்சிகளுக்குப் பதில் உதவுவதும் பகிர்வதும் காட்டும் நிகழ்ச்சிகளைப் போடச் சொன்னார்கள். ஆறு மாதத்தில் அந்தக் குழந்தைகளின் நடத்தை மற்றவர்களைவிட மேம்பட்டது. பெரிய அற்புதம் ஒன்றும் இல்லை, ஆனால் அளக்கக்கூடிய மாற்றம்.

வீட்டில் செய்யும் முறை:

1. ஒரு வாரம் குறிப்பெடுங்கள். நேரம், என்ன ஓடியது, யார் ரிமோட்டை வைத்திருந்தார்கள், அணைத்த பின் அரை மணி நேரம் குழந்தை எப்படி இருந்தது என நான்கு கட்டங்கள். பெரியவர்களுக்காக ஓடியதையும் எழுதுங்கள். பெரும்பாலும் அதிர்ச்சி அங்கேதான் காத்திருக்கும்.
2. குறிப்பிலிருந்து மோசமான இரண்டு நிகழ்ச்சிகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் மூன்றாம் நாள் தோற்றுவிடுவீர்கள்.
3. மாற்று நிகழ்ச்சியை முன்கூட்டியே இரண்டு பகுதிகள் நீங்களே பாருங்கள். ஒரு பகுதி போதாது. முதல் பகுதி எப்போதும் சாதுவாக இருக்கும்.
4. அதே நேரம், அதே இடம், நிகழ்ச்சி மட்டும் வேறு. இரண்டு வாரம் விடாமல் செய்யுங்கள்.

ஒரு நிகழ்ச்சி சரியா என்று எப்படி முடிவு செய்வது?

வயதுக் குறியீட்டைத் தொடக்கமாக மட்டும் வையுங்கள். 7, 13, 16 என்று போட்டிருப்பது யாரோ ஒருவர் சராசரிக் குழந்தைக்குப் போட்ட எண். பார்க்கும்போது இவற்றைக் கேளுங்கள். அடிப்பவர் குழந்தைக்குப் பிடித்தவரா? அடித்ததால் நினைத்தது கிடைக்கிறதா? அடிபட்டவரின் வலி காட்டப்படுகிறதா? சிரிக்க வைக்கிறார்களா? கத்தி, கயிறு, தீ போல வீட்டில் எளிதில் கைக்கு எட்டும் பொருளைப் பயன்படுத்துகிறார்களா? கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்றால் மற்றவற்றைப் பார்க்கவே வேண்டாம், நிறுத்திவிடுங்கள். மற்றவற்றில் இரண்டு, மூன்று தவறாக வந்தால் வேறு தேடுங்கள்.

சேனல் லாக் போட்டேன். ஆனாலும் பார்க்கிறான். எங்கே ஓட்டை?

வழக்கமான ஓட்டைகள் இவை. பூட்டின் ரகசிய எண்ணை (PIN) மாற்றாமல் 0000 அல்லது 1234 என்றே விட்டிருப்பீர்கள். அல்லது குழந்தையின் எதிரில் அழுத்தியிருப்பீர்கள்; ஐந்து வயதுக் கண் நான்கு எண்களை எளிதாகப் பிடிக்கும். செட்டாப் பாக்ஸில் போட்ட பூட்டு அந்தப் பெட்டி வழியாக வரும் சேனல்களுக்கு மட்டும்தான். டி.வி.யிலேயே உள்ள செயலிகளுக்கும், சொருகிய வேறு கருவிக்கும், யூ.எஸ்.பி.க்கும் அது பொருந்தாது. ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு வேண்டும்.

செயலிகளில் குழந்தைக்குத் தனி ப்ரொஃபைல் உருவாக்கினால் பாதி வேலைதான். பெரியவர்களின் ப்ரொஃபைலுக்கு ரகசிய எண் போட்டால்தான் மீதி முடியும். ஆட்டோபிளேயை அணையுங்கள், ஒரு பகுதி முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுவது நிற்கும், எழுந்து போக ஒரு இடைவெளியும் கிடைக்கும். பெரியவர் ஒரு முறை குழந்தையின் ப்ரொஃபைலில் சண்டைப் படம் பார்த்தால், பரிந்துரைப் பட்டியல் அந்தப் பக்கம் சாயும். பார்த்தவற்றின் பட்டியலிலிருந்து அதை நீக்கிவிடுங்கள்.

நிகழ்ச்சி நடுவே வரும் பட முன்னோட்டங்களைப் பல பூட்டுகள் தடுக்காது. விளையாட்டுப் போட்டி பார்க்கும்போது இதுதான் தொல்லை. இடைவேளையில் ஒலியை அடைத்துப் பேச்சுக் கொடுப்பதுதான் எளிய வழி.

நான் கூடவே உட்கார்ந்து பார்க்கிறேன். போதாதா?

வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் எதிர் விளைவுகூட வரலாம். அம்மாவோ அப்பாவோ பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறார்கள் என்றால், இது சரிதான் போல என்று குழந்தை எடுத்துக்கொள்ளும். பேச வேண்டும், ஆனால் சொற்பொழிவு வேண்டாம். ஏமி நாதன்சன், ஜோன் கேன்டர் என்ற இருவர் 2000-இல் வெளியிட்ட சோதனையில், கார்ட்டூனில் அடிபடுபவருக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே பார்க்கச் சொன்னது, சிறுவர்களிடம் அந்தக் கார்ட்டூனின் பாதிப்பைக் குறைத்தது.

அதனால் கேள்வி இப்படி இருக்கட்டும்: ‘அவனுக்கு எங்கே வலிச்சிருக்கும்?’ ‘அவன் வீட்டுக்குப் போனதும் என்ன சொல்வான்?’ ‘அடிக்காம வேற என்ன செஞ்சிருக்கலாம்?’ ஒரு காட்சிக்கு ஒரு கேள்வி போதும். மூன்றாவது கேள்வியில் குழந்தை உங்களை வெளியே அனுப்பிவிடும்.

பிள்ளைகள் சண்டை விளையாட்டு விளையாடுகிறார்கள். தடுக்கலாமா?

முகத்தைப் பாருங்கள். சிரிக்கிறார்கள், துரத்துபவரும் ஓடுபவரும் இடம் மாறுகிறார்கள், முடிந்ததும் சேர்ந்தே நிற்கிறார்கள் என்றால் அது விளையாட்டு. விடுங்கள். ஒருவரே எப்போதும் அடிபடுகிறார், ‘போதும்’ என்றாலும் நிற்கவில்லை, முடிந்ததும் ஒருவர் விலகி ஓடுகிறார் என்றால் அது சண்டை.

டி.வி.யில் பார்த்த உதையைத் தம்பிமேல் செய்துவிட்டான். உடனே என்ன செய்வது?

முதலில் அடிபட்ட குழந்தையிடம் போங்கள், அடித்தவனிடம் அல்ல. கத்துவதும் கவனம்தான்; அந்தக் கவனம் அடித்தவனுக்குப் போகக் கூடாது. பிறகு அடித்தவனிடம் சுருக்கமாக: ‘உதைச்சா வலிக்கும். இங்கே உதைக்கக் கூடாது.’ தம்பிக்கு ஈரத்துணி எடுத்து வருவது போல ஒரு சிறு உதவியைச் செய்யச் சொல்லுங்கள். அன்று அந்த நிகழ்ச்சி இல்லை. மறுநாள் சேர்ந்து பார்த்து, அந்த உதையில் யாருக்கும் ஏன் அடிபடவில்லை என்று பேசுங்கள். அடித்ததற்கு நீங்கள் அடித்தால், கதாநாயகன் கற்றுக்கொடுத்த பாடத்தையே உறுதி செய்கிறீர்கள்.

டி.வி.யை முழுவதும் நிறுத்திவிட்டால்?

சில நாட்கள் நிறுத்துவது நல்ல தொடக்கம். கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் 8, 9 வயது மாணவர்களுக்கு ஆறு மாதத்தில் 18 பாடங்கள் நடத்தினார்கள். முதலில் 10 நாள் டி.வி., வீடியோ, வீடியோ கேம் எதுவும் இல்லை. பிறகு வாரத்துக்கு 7 மணி நேரம் என்ற கணக்கு. 2001-இல் வந்த முடிவில், அந்த மாணவர்களின் முரட்டுத்தனம் குறைந்ததாகச் சக மாணவர்களே மதிப்பிட்டார்கள்.

நிரந்தரத் தடை வேறு விஷயம். நண்பன் வீட்டில் பார்ப்பான், உங்களிடம் சொல்லமாட்டான், அப்போது பேசும் வாய்ப்பும் போய்விடும்.

மூத்தவனுக்கு 13, இளையவளுக்கு 5. ஒரே டி.வி. என்ன செய்ய?

கூடத்தில் ஓடுவது எப்போதும் இளையவளின் வயதுக்கு. மூத்தவனின் படங்களுக்கு அவள் தூங்கிய பிறகு வாரத்தில் இரண்டு இரவுகள் ஒதுக்குங்கள், நாளை முன்பே சொல்லிவிடுங்கள். அவன் அறையில் தனித் திரை வைத்துச் சமாளிப்பது வேண்டாம். அவன் பார்ப்பது எதுவும் உங்களுக்குத் தெரியாமல் போகும், தூக்கமும் கெடும். 13 வயதுக்கும் திரை வன்முறை உறைக்காமல் இல்லை.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

காட்சிகளை நிறுத்தி ஒரு மாதம் ஆகியும் கெட்ட கனவும் தனியே இருக்கப் பயமும் தொடர்ந்தால். பள்ளிக்குப் போக மறுத்தால். பழகிய பேச்சோ கழிப்பறைப் பழக்கமோ பின்னோக்கிப் போனால். இவற்றுக்குக் குழந்தைகள் நல மருத்துவரிடம் தொடங்கலாம். தேவைப்பட்டால் அவர் உளவியலாளரிடம் அனுப்புவார். முன்பு எடுத்த ஒரு வாரக் குறிப்பைக் கையோடு கொண்டுபோனால் அவருக்கு வேலை எளிது.

விலங்குகளை வேண்டுமென்றே துன்புறுத்துவது, ஆயுதத்தை மறைத்து வைப்பது, தன்னையோ பிறரையோ காயப்படுத்துவேன் என்று சொல்வது ஆகியவற்றுக்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டாம். டி.வி.தான் காரணம் என்று முடிவு கட்டி வீட்டிலேயே சரிசெய்யவும் முயல வேண்டாம். அந்த வாரமே அழைத்துப் போங்கள். தன்னை மாய்த்துக்கொள்வது பற்றிப் பேசினால் அன்றே.